நம்பி மறக்க ஒரு டைமர்

கணினித் திரையின் மூலையில் உட்கார்ந்து, கொடுத்த நிமிடங்களைக் குறைத்துக்கொண்டே வந்து, பூஜ்யத்தைத் தொட்டதும் மணியடிக்கிற சின்ன மென்பொருள்தான் கவுன்ட்டவுன் டைமர். புரோகிராமிங் படிக்க வருகிறவர்களுக்கு முதல் மாதத்திலேயே கொடுக்கிற பயிற்சி அது. ஒரு மதியப் பொழுதில் எழுதிவிடுவார்கள், ஓடவும் செய்யும். ஆனால் ஒருவர் தன் அன்றாட வேலைக்கு நம்பி வைத்துக்கொள்ளும் டைமராக அதை ஆக்க வேண்டுமானால், கணினிக்குள் நேரம் எப்படி ஓடுகிறது என்றும் தெரிய வேண்டும், வேலை செய்கிறவர்கள் நேரத்தை எப்படிப் புழங்குகிறார்கள் என்றும் தெரிய வேண்டும். மதுரையில் சிறு கடைகளுக்கும் ரத்தப் பரிசோதனை லேப்களுக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். பில்லிங், ஸ்டாக் என்று பெரிய புரோகிராம்கள் பல எழுதியிருந்தாலும், இந்தத் தொழிலின் ஒழுக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது டைமர்தான்.

டைமர் வைக்கிறவர், நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பை நம் புரோகிராமிடம் ஒப்படைத்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்புகிறார். அடுப்பில் பால் இருக்கலாம், ஸ்டாண்டில் ரத்தக் குழாய் இருக்கலாம், பக்கத்து அறையில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கலாம். அந்த நிமிடத்திலிருந்து அவர் அதை மறந்துவிடுகிறார். மறக்கலாம் என்ற தைரியத்தைக் கொடுத்தது நாம். அதனால் ஒரு டைமரில் எதை வைப்பது, எதை விடுவது, எப்படி எழுதுவது என்ற கேள்வி வரும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: மறந்துபோனவருக்கு இது துணை நிற்குமா?

ஒரு லேபில் இந்தக் கேள்வி கூர்மையாக எதிரே வந்தது. அங்கே ஏற்கெனவே வேறு யாரோ எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் புரோகிராமில் ஒரு டைமரும் சேர்ந்திருந்தது. டெக்னீஷியனாக இருந்த பெண் என்னிடம் சொன்னார்: "அண்ணா, இதுல ஒரு மணி நேரம் வெச்சா சுவர்க் கடிகாரத்துல ஒரு மணி மூணு நிமிஷம் ஆயிடுது. காலையில கூட்டம் இருந்தா இன்னும் ஜாஸ்தியாகுது." அவர் அந்த டைமரை வைத்திருந்தது ஈ.எஸ்.ஆர். பரிசோதனைக்கு. வெஸ்டர்கிரன் முறையில் சோடியம் சிட்ரேட் கலந்த ரத்தத்தை 200 மில்லிமீட்டர் வரை அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் ஏற்றி, ஸ்டாண்டில் அசையாமல் செங்குத்தாக நிறுத்துவார்கள். சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். சரியாக ஒரு மணி நேரம் கழித்து, மேலே தெளிந்து நிற்கும் பகுதி எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பதுதான் பரிசோதனை. இறக்கம் ஒரு மணியோடு நிற்பதில்லை. தாமதமாகப் படித்தால் எண் கூடிவிடும். டாக்டர் கையில் போகிற எண் அது.

கூட்டம் அதிகமானால் டைமர் ஏன் பின்தங்க வேண்டும்? அந்தப் புரோகிராம் விஷுவல் பேசிக் 6-ல் எழுதியது. 1998-ல் வந்த அந்த மொழியில் எழுதிய புரோகிராம்கள் இன்றைக்கும் எத்தனையோ சிறு நிறுவனங்களில் ஓடுகின்றன. அதில் டைமர் கண்ட்ரோல் என்று ஒன்று உண்டு. இன்டர்வல் 1000 என்று கொடுத்தால் 1000 மில்லி விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு ஒருமுறை, நாம் எழுதிவைத்த கட்டளைகளைக் கூப்பிடும். கற்றுக்குட்டிகள் எல்லாரும் அங்கே ஒரே வரியைத்தான் எழுதுவார்கள்: மீதியிலிருந்து ஒன்றைக் கழி. அந்த லேப் புரோகிராமிலும் அதே வரிதான் இருந்தது.

விண்டோஸ் அனுப்புகிற டைமர் செய்திக்கு முன்னுரிமை மிகக் குறைவு. கீபோர்டு, மவுஸ் செய்திகள் வரிசையில் நின்றால் முதலில் அவைதான் போகும். புரோகிராம் பிரிண்ட் போடுவது போன்ற வேறு வேலையில் முழுகிவிட்டால், அந்த நேரத்தில் வந்திருக்க வேண்டிய டைமர் செய்திகள் சேர்ந்து காத்திருக்கவும் செய்யாது. பத்து விநாடி தவறியிருந்தாலும் திரும்பி வரும்போது ஒரே ஒரு செய்திதான் கிடைக்கும். ஆக, ஒவ்வொரு ரிப்போர்ட் அச்சாகும்போதும் சில விநாடிகள் கணக்கிலிருந்து விழுந்துகொண்டிருந்தன. காலையில் நோயாளிகள் அதிகம் என்றால் ரிப்போர்ட்டும் அதிகம், விழுகிற விநாடிகளும் அதிகம். கல்லாவில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று வாயால் எண்ணிக்கொண்டிருப்பவரை நடுவில் யாராவது பேச்சுக்கு இழுத்தால் என்ன ஆகுமோ, அதுதான் அங்கே நடந்தது.

பிரிண்ட் வேலையே இல்லாவிட்டாலும் எண்ணுகிற டைமர் பின்தங்கத்தான் செய்யும். விண்டோஸ் தன் உள் துடிப்பைச் சாதாரணமாக விநாடிக்கு 64 முறை, அதாவது 15.6 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது. நாம் கேட்ட 1000 மில்லி விநாடி அந்தத் துடிப்புகளுக்கு நடுவில் முடிந்தால் அடுத்த துடிப்பு வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக ஒவ்வொரு முறையும் 10 மில்லி விநாடி தாமதம் என்று வைத்துக்கொண்டால், 3600 விநாடிக்கு 36 விநாடி பிசகு. இத்தனைக்கும் கணினிக்குள் இருக்கும் கடிகாரம் நல்ல கடிகாரம்தான். மதர்போர்டில் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கிறது. 32,768 என்ற எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. கைக்கடிகாரத்திலும் அதே படிகம்தான். சாதாரணமாக நாளொன்றுக்குச் சில விநாடிகளுக்கு மேல் அது பிசகாது. நல்ல கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் தானாக எண்ணுவதுதான் கோளாறு.

சரியான முறை எளிது. தொடங்கும்போதே முடிவு நேரத்தைக் கணக்கிட்டுக் குறித்துவைக்க வேண்டும். பிறகு எப்போது கூப்பிட்டாலும் முடிவு நேரத்திலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து மீதியைக் காட்ட வேண்டும். நடுவில் பத்து அழைப்பு தவறினாலும் பரவாயில்லை. பதினோராவது அழைப்பில் சரியான மீதி வந்துவிடும். பிரிண்ட் முடிந்து திரை மீண்டும் உயிர்பெறும்போது எண் சட்டென்று சில விநாடி குதிக்கும். குதிக்கட்டும், அதுதான் உண்மையான மீதி. அந்த லேபுக்கு இப்படி ஒரு தனி டைமரை எழுதிக் கொடுத்த பிறகு சுவர்க் கடிகாரத்துக்கும் அதற்கும் வித்தியாசம் வரவில்லை.

"இப்போதைய நேரம்" என்று சொல்லிவிட்டேன். அதை எந்தக் கடிகாரத்திடம் கேட்பது என்பதுதான் அடுத்த சிக்கல். கணினியில் இரண்டு விதமான நேரம் இருக்கிறது. ஒன்று, திரையின் கீழே காட்டும் மணியும் தேதியும். மற்றது, கணினி தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்ற எண்ணிக்கை. முதலாவதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். பழைய கணினிகளில் மதர்போர்டின் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். வேலை நடுவே யாராவது அதைக் கவனித்துச் சரிசெய்வார்கள். அந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கிற டைமர் எல்லாம் முடிந்துவிட்டதாக மணியடித்துத் தீர்க்கும். அதனால் ஓடும்போது நம்ப வேண்டியது இரண்டாவதை, யாராலும் கை வைக்க முடியாத எண்ணிக்கையை.

அதற்கும் ஓர் எல்லை இருந்தது. விண்டோஸில் நெடுங்காலம் அந்த எண்ணிக்கை 32 பிட் அளவுதான். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 மில்லி விநாடி ஆனதும் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். நாளாகச் சொன்னால் 49.7 நாள். விண்டோஸ் 95, 98 இரண்டும் அவ்வளவு நாள் அணைக்காமல் ஓடினால் உறைந்துபோகும் பிழைக்கு இந்தக் கணக்குதான் காரணம். விஷுவல் பேசிக் 6-ல் நிலைமை இன்னும் நெருக்கடி. அதன் முழு எண்களுக்கு மைனஸ் குறியும் சேர்ந்திருப்பதால் 24.8 நாளிலேயே எண்ணிக்கை எதிர்மறைக்குத் தாவும். கவனமில்லாமல் கழித்தால் ஓவர்ஃப்ளோ என்று புரோகிராம் நின்றுவிடும். லேப் கணினிகளை யு.பி.எஸ். துணையோடு மாதக்கணக்கில் அணைக்காமல் வைத்திருப்பார்கள். அங்கே இது ஏட்டுச் சிக்கல் இல்லை. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து 64 பிட் எண்ணிக்கை கிடைக்கிறது. அது தீர்வதற்குள் கணினியே இருக்காது.

அப்படியானால் திரைக் கடிகாரம் வேண்டவே வேண்டாமா? வேண்டும். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். யு.பி.எஸ். பேட்டரி தாங்காமல் கணினி பட்டென்று அணைந்துபோகும். கரண்ட் வந்து மறுபடி தொடங்கும்போது உள் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். ஓடிய டைமரின் சுவடே இருக்காது. ஆனால் ரத்தம் குழாயில் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் டைமர் தொடங்கிய உடனே முடிவு நேரத்தைத் தேதி, மணியோடு ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைக்கிறேன். மறுபடி தொடங்கும்போது புரோகிராம் முதலில் அந்தக் கோப்பைப் பார்க்கும். மீதி இருந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். கணினி அணைந்திருந்தபோதே நேரம் முடிந்திருந்தால், "ஈ.எஸ்.ஆர். 3: முடிந்து 4 நிமிடம் ஆயிற்று" என்று சிவப்பில் காட்டும். டெக்னீஷியனுக்குத் தேவையான தகவல் அது. அந்தக் குழாயைப் படிப்பதா, மறுபடி போடுவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

லேப்டாப்கள் வந்தபோது தூக்கம் என்ற புதுக் கேள்வி வந்தது. மூடியைச் சாத்தினால் கணினி உறங்கிவிடுகிறது. அந்த நேரத்தை டைமர் கணக்கில் எடுக்க வேண்டுமா? லினக்ஸில் இதற்கென்றே இரண்டு கடிகாரங்கள் தனித்தனியாக இருக்கின்றன. மோனோடானிக் கடிகாரம் உறக்க நேரத்தைச் சேர்க்காது, பூட்டைம் கடிகாரம் சேர்க்கும். எதை எடுப்பது என்பதைக் கணினி தீர்மானிக்க முடியாது, செய்கிற வேலைதான் தீர்மானிக்க வேண்டும். இட்லிக் கொப்பரை லேப்டாப்போடு சேர்ந்து உறங்குவதில்லை, அதனால் சமையலுக்கும் லேபுக்கும் உறக்க நேரமும் சேர வேண்டும். மாதிரித் தேர்வு எழுதும் மாணவர் மூடியைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனால் அது இடைவேளை. அதற்கென்று நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது. அதனால் உறக்கத்தைச் சேர்ப்பதையே இயல்பாக வைத்தேன்.

உள்ளே இவ்வளவு சரிசெய்தாலும் பயன்படுத்துகிறவர் கண்ணுக்குத் தெரிவது எண்கள்தான். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பத்து விநாடி வைத்துத் தொடங்கினால், கண் இமைப்பதற்குள் மீதி 9.98 ஆகிவிடும். பின்னத்தை வெட்டினால் திரையில் 9 என்று வரும். 10 என்ற எண்ணையே யாரும் பார்க்க மாட்டார்கள். கடைசியில் 0.9 மீதி இருக்கும்போதே 0 என்று காட்டி, மணியடிக்காமல் ஒரு முழு விநாடி நிற்கும். மேல் நோக்கி முழுமையாக்கினால் 10 ஒரு முழு விநாடி நிற்கும், 1 ஒரு முழு விநாடி நிற்கும், 0 வருகிற அதே கணத்தில் மணியடிக்கும். விநாடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பித்தால் சில சமயம் ஓர் எண் தாண்டிப்போகும். விநாடிக்கு நான்கு முறை புதுப்பித்தால் அதுவும் போய்விடும்.

இந்த ஒரு விநாடியின் அருமையை எனக்குச் சொன்னவர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய மாஸ்டர் ஒருவர். டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர் நிலைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையர் நிலைக்கு 45. ஸ்பீட் தாள் பத்து நிமிடம். ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்குப் போட்டால் ஹையர் எழுதுகிறவர் 2250 தட்டுகள் தட்ட வேண்டும். "தம்பி, ஜீரோன்னு காட்டுச்சுன்னா பொண்ணுங்க கையை எடுத்துடுறாங்க. பெல்லு அப்புறம் அடிக்குது. எதை நம்புறதுன்னு கேக்குறாங்க" என்றார். ஒரு விநாடியில் நான்கு தட்டு போய்விடும். பயிற்சிக் காலம் முழுக்க அந்த நான்கு தட்டை இழந்து பழகியவர் பரீட்சை ஹாலிலும் அப்படியே கையை எடுப்பார். எண்ணும் மணியும் ஒன்றாக வர வேண்டும் என்று அவர் கேட்டது நியாயமான கோரிக்கை.

நேரத்தைக் கொடுக்கும் பெட்டியிலும் வேலை செய்கிறவரின் கையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மணி, நிமிடம், விநாடி என்று மூன்று பெட்டி வைத்தால் மவுஸால் மூன்று இடம் தொட வேண்டும். லேபில் கையுறை போட்ட கை அது. அதனால் ஒரே பெட்டி. 60 என்று அடித்து என்டர் தட்டினால் 60 நிமிடம். 2:30 என்றால் இரண்டரை நிமிடம். அதே பெட்டியில் எண்ணுக்குப் பின்னால் ஏதாவது எழுதினால் அது பெயர். ஈ.எஸ்.ஆர். குழாய்கள் ஒன்றாக ஏறுவதில்லை. ஒன்று 8:05-க்கு, அடுத்தது 8:11-க்கு என்று ஆள் வர வர ஏறும். பத்து டைமர் ஒரே திரையில் ஓடும்போது பெயர் இல்லாவிட்டால் எது எந்தக் குழாய் என்று தெரியாது. முதலில் முடியப் போவது மேலே நிற்கும்படி வரிசைப்படுத்தினேன். தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மணியடிப்பதுதான் டைமரின் உயிர். அங்கேதான் மறந்தவரைத் திரும்ப அழைக்க வேண்டும். ஸ்பீக்கரே இல்லாத கணினிகள் இருக்கின்றன. இருந்தும் ஒலியை அணைத்து வைத்திருப்பார்கள். பழைய கணினிகளில் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு, பீப் என்று அடிக்கும். விண்டோஸ் 7-லிருந்து அந்த ஒலியும் சவுண்ட் கார்டுக்கே திரும்பிவிட்டதால், ஒலியை அணைத்தால் அதுவும் கேட்காது. எனவே ஒலியை மட்டும் நம்பக் கூடாது. டாஸ்க்பாரில் மினுக்கலும் திரையில் பெரிய பட்டையும் சேர்ந்தே வர வேண்டும். டைமரைத் தொடங்கும்போதே ஒலி அணைந்திருந்தால் அப்போதே சொல்லிவிட வேண்டும். முடியும்போது தெரிந்து பயனில்லை.

பட்டை எப்படி வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். நேரம் முடிந்ததும் ஓகே பொத்தானோடு ஒரு பெட்டியைத் திரையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் வழக்கம். ஆனால் அந்த நேரத்தில் அவர் ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருப்பார், கண் கீபோர்டிலோ நோட்டிலோ இருக்கும். வரி முடிந்தது என்று அவர் தட்டும் என்டர் அந்த ஓகேயில் போய் விழும். பெட்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மணியடித்தும் அடிக்காத கதைதான். அதனால் என் டைமரின் பட்டை கீபோர்டைப் பிடுங்கிக்கொள்ளாது. மேலே வந்து நிற்கும், தட்டிக்கொண்டிருப்பது அதுபாட்டுக்கு நடக்கும். அதை நிறுத்த மவுஸால் அதைத்தான் தொட வேண்டும். தொடும்வரை ஒலி நிற்காது. பூஜ்யத்தைத் தாண்டிய நேரம் பட்டையில் மேல்நோக்கி எண்ணிக்கொண்டே போகும், எவ்வளவு தாமதமாக வந்தோம் என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா.

இதையெல்லாம் இப்போது பிரவுசரிலேயே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரவுசர்கள் மின்சாரத்தைச் சேமிப்பதற்காக, பின்னால் போன பக்கங்களின் டைமரை இழுத்துப் பிடிக்கின்றன. 2021-ல் வந்த குரோம் 88-லிருந்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்து ஒலி எதுவும் எழுப்பாத பக்கத்துக்கு, பொதுவாக நிமிடத்துக்கு ஒரு முறைதான் விழிப்பு. முடிவு நேரத்தைக் குறித்துவைத்தாலும் மணியடிக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தாமதமாகலாம். லேப்டாப் பேட்டரிக்கு நல்ல முடிவுதான், மறந்தவருக்குப் போதாது. போனில் அந்தத் தாமதம் இல்லை, ஆனால் டைமர் வைக்கக் கையில் எடுத்த போன் பத்து நிமிடம் கழித்துத்தான் கீழே போகும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் என்னிடம் டெஸ்க்டாப் டைமர் கேட்பதற்கு இதுதான் காரணம். தமிழ்நாடு அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம்; கேள்விக்கு 54 விநாடி. அந்தக் கணக்கு உடம்பில் ஏற வேண்டுமானால் பயிற்சியின்போது கவனம் சிதறக் கூடாது. இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ கல்லூரி மாணவராக இருந்தபோது, 1980-களின் கடைசியில், தக்காளி வடிவச் சமையலறை டைமரை 25 நிமிடத்துக்குத் திருகி வைத்துப் படித்த முறைதான் பொமோடோரோ என்று உலகம் முழுக்கப் பரவியது. அவருக்குத் தேவைப்பட்டது திருகினால் ஓடி முடிந்ததும் மணியடிக்கிற ஒன்று. அதற்கு மேல் எதுவும் இல்லை.

அதனால் வண்ணத் தோற்றங்கள், வாரக் கணக்கு வரைபடம், நண்பர்களோடு போட்டி என்று கேட்டு வருகிறவர்களுக்கு அன்போடு மறுத்துவிடுகிறேன். ஒவ்வொரு கூடுதல் வசதியும், மணியடிக்காமல் போவதற்கு ஒரு கூடுதல் வழி.

இத்தொழிலுக்கு வருகிற பிள்ளைகளிடம் டைமர் எழுதச் சொன்னால், எழுதி முடித்த பிறகு செய்யவேண்டிய சோதனைகளையும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு மணி நேரம் வைத்துச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடும்போது நூறு பக்கம் பிரிண்ட் கொடுங்கள். கணினியின் தேதியை ஒரு வருடம் முன்னும் பின்னும் மாற்றுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள். ஒலியை அணையுங்கள். மணியடிக்கும் நொடியில் கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டில் எதையாவது தட்டிக்கொண்டிருங்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் அந்த டைமர் சரியான நேரத்தில், வைத்தவரின் கவனத்துக்கு வந்து சேர்ந்தால் அதைப் பிறர் கையில் கொடுக்கலாம். பில்லிங்கோ, பேக்கப்போ, சம்பளக் கணக்கோ, அடுத்து நீங்கள் எழுதப்போகும் எதற்கும் அளவுகோல் இதுதான். மக்கள் நம்மிடம் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அவர்கள் பார்க்காத நேரத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதற்குத்தான் நாம் கூலி வாங்குகிறோம்.